வெண்கலச் சிலையும் ஒரு தொண்டைக் கரகரப்பும்

1/ ஐரோப்பிய பழம்பொருள் கடைகளில் உள்ளங்கை உயரத்தில் ஒரு வெண்கல மார்பளவுச் சிலை கிடைக்கும். அடர்ந்த தாடி, ராணுவ உடை. ஜெர்மனியின் மன்னர் மூன்றாம் ஃப்ரெடரிக். அந்தத் தாடிக்குக் கீழே இருந்த தொண்டையோட கதைதான் இந்த த்ரெட்.

2/ 1887 ஜனவரி. பட்டத்து இளவரசரா இருந்தவருக்குக் குரல் கம்மியது. ஜலதோஷம்னு நினைச்சாங்க. சரியாகலை. பேராசிரியர் கெர்ஹார்ட் பார்த்தப்போ இடது குரல் நாணில் சின்னதா ஒரு வளர்ச்சி. சூடு வைத்துக் கரித்தார். திரும்ப வளர்ந்தது.

3/ இது புற்றுநோய், கழுத்தைத் திறந்து எடுக்கணும்னு மே மாதம் அறுவை நிபுணர் பெர்க்மன் சொன்னார். லண்டனிலிருந்து வந்த மெக்கன்ஸி, "முதலில் பயாப்சி" என்றார். மருத்துவமா அது சரியான பேச்சுதான்!

4/ துண்டைப் பரிசோதித்தவர் நவீன நோய்க்கூறியலின் தந்தை ருடால்ஃப் விர்ஷோ. கொடுத்த துண்டில் புற்றுநோய் இல்லை என்றார். அதை வைத்து மொத்த நோயையும் உறுதியா சொல்ல முடியாது என்றும் எழுதினார். முதல் பாதியைத்தான் எல்லாரும் பிடிச்சுக்கிட்டாங்க. அறுவை நின்றது.

5/ நவம்பரில், இத்தாலியின் சான் ரெமோவில், புற்றுநோய் என்பது உறுதியானது. 1888 பிப்ரவரி 9, மூச்சு விடவே கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்தார்கள். ஒரே மாதத்தில், மார்ச் 9 அன்று அப்பா இறந்தார். பேச முடியாத மனிதர் மன்னரானார். சொல்ல வேண்டியதை எல்லாம் சீட்டில் எழுதிக் காட்டினார்.

6/ ஆட்சி 99 நாட்கள். ஜூன் 15 அன்று, 56 வயதில் மரணம். அடுத்து மகன் இரண்டாம் வில்ஹெல்ம். 1914-ல் முதல் உலகப் போருக்குள் போன அதே கெய்சர். மிதவாதியான அப்பா பிழைச்சிருந்தா போர் வந்திருக்குமா? வரலாற்றாசிரியர்கள் இன்னும் வாதாடுறாங்க.

7/ மெக்கன்ஸியை மட்டும் திட்டாதீங்க. அன்றைக்கு அந்த அறுவையே உயிருக்கு ஆபத்து. இன்றைக்கு நிலைமை வேற. குரல் நாணில் ஆரம்பத்திலேயே கண்டுபிடிச்சா பெரும்பாலும் குணப்படுத்தலாம், குரலையும் காப்பாத்தலாம்.

8/ ஆனாலும் எங்க அரசு மருத்துவமனைக்கு, மாசக்கணக்கா மிட்டாயும் கஷாயமும் பார்த்துட்டு, மூச்சுத் திணறும்போதுதான் வர்றாங்க. பீடி, சிகரெட் பழக்கம் இருக்கா? மூணு வாரமா குரல் கம்மல் இருக்கா? காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்க. பயாப்சியில் "ஒண்ணுமில்லை"னு வந்தும் கம்மல் போகலைன்னா, திரும்பப் போய்க் காட்டுங்க.

9/ மன்னருக்குக் கிடைக்காத வாய்ப்பு உங்களுக்கு ஓபி சீட்டிலேயே இருக்கு. விட்டுடாதீங்க.