ஏர்க் குதிரையின் வமிசாவளி

சரித்திரம் என்றவுடன் அரியணையும் போர்க்களமும் நம் நினைவுக்கு வருகின்றன. குதிரை என்றாலும் அவ்வாறே. மன்னரைச் சுமந்த குதிரையையும் படைக்கு முன் பாய்ந்த குதிரையையும் நாம் அறிவோம். சேற்றில் கால் புதைய நின்று ஏர் இழுத்த குதிரையைப் பற்றிச் சரித்திர நூல்கள் அதிகமாகப் பேசுவதில்லை. அந்த ஏர்க் குதிரையைப் பற்றியே, அதிலும் அதனைக் குறித்து வெளிவந்த ஒரு சிறு விளம்பரத்தைப் பற்றியே இன்று நான் சொல்ல விரும்புகிறேன்.

நியூசிலாந்தின் தேசிய நூலகம் அந்நாட்டின் பழைய பத்திரிகைகளைப் படம் பிடித்து, எவரும் படிக்கும்படி வைத்திருக்கிறது. அத்தீவுகளில் பிரிட்டிஷார் குடியேறிய வரலாற்றை அறிவதற்காக நான் அவற்றைப் புரட்டினேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெளிவந்த இதழ்களில், வசந்த காலம் நெருங்கும்போதெல்லாம், ஒரே வகையான விளம்பரங்கள் வரிசை வரிசையாகத் தோன்றின. "இந்தப் பருவத்தில் இன்ன பொலிகுதிரை இன்ன வட்டாரத்தில் வலம் வரும்" என்பதே அவற்றின் சாரம். முதலில் அவற்றைப் படிக்காமலே கடந்து சென்றேன். பிறகு ஒரு நாள் நின்று படித்தேன். ஒரு சமுதாயத்தின் கதையே அந்தச் சில வரிகளில் அடங்கியிருப்பதைக் கண்டேன்.

அவ்விளம்பரத்தின் அமைப்பு ஏறக்குறைய எங்கும் ஒன்றே. முதலில் குதிரையின் பெயர். பின்னர் நிறம், வயது, உயரம், எலும்பின் திண்மை, குளம்பின் உறுதி. அதன்பின் வமிசாவளி: தந்தை இன்னது, தாய் இன்னது, தாயின் தந்தை இன்னது, அதன் தந்தை இன்னது. கண்காட்சிகளில் பெற்ற பரிசுகளும் இடம்பெறும். அடுத்து வருவது பயணத் திட்டம்: திங்கட்கிழமை இன்ன ஊர், செவ்வாய்க்கிழமை இன்ன விடுதி, சனிக்கிழமை மீண்டும் சொந்த லாயம். இறுதியில் கட்டணம். "கவனமாகப் பார்த்துக்கொள்வோம், ஆயினும் நேரும் விபத்துக்குப் பொறுப்பில்லை" என்ற எச்சரிக்கையும் உண்டு.

இத்தகைய விளம்பரத்துக்கு அங்கே தேவை ஏற்பட்டது ஏன்? மாவோரி மக்கள் வாழ்ந்த அத்தீவுகளில் குதிரை என்னும் விலங்கே இருந்ததில்லை. 1814 ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், சாமுவேல் மார்ஸ்டன் என்ற பாதிரியார் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு பொலிகுதிரையையும் இரண்டு பெட்டைக் குதிரைகளையும் கப்பலில் கொண்டுவந்து இறக்கினார். அந்நாட்டு மண்ணை முதலில் உழுதவையோ குதிரைகள் அல்ல, எருதுகளே. 1820 ஆம் ஆண்டு மே மாதம் 3 ஆம் தேதி, கெரிகெரி என்ற இடத்தில் ஜான் பட்லர் என்ற பாதிரியார் ஆறு எருதுகளைப் பூட்டி ஏர் ஓட்டினார். எருதின் பொறுமையை நாம் அறிவோம். புதர் மண்டிய கன்னி நிலத்தை உடைக்கப் பொறுமையே பெரிய பலம்.

ஆனால் 1848இல் ஸ்காட்லாந்து மக்கள் தென்தீவின் ஓடாகோவில் குடியேறினர். 1850இல் ஆங்கிலேயர் கான்டர்பரிச் சமவெளியில் குடியேறினர். 1861இல் ஓடாகோவில் தங்கம் கிடைத்தது. கூட்டம் பெருகியது, கோதுமைக்குக் கிராக்கி ஏறியது. நிலமோ மிகுதி, கூலிக்கு ஆள்களோ குறைவு. ஒரே மனிதன் ஒரே நாளில் அதிக நிலத்தை உழ வேண்டும். அறுவடை இயந்திரத்தை இழுக்க வேண்டும். மூட்டைகளைத் துறைமுகம் சேர்க்க வேண்டும். இதற்கு எருதின் வலிமையும் வேண்டும், அதனினும் விரைந்த நடையும் வேண்டும். இரண்டும் ஒன்றாக அமைந்த விலங்கு கனமான ஏர்க் குதிரை.

குடியேறிய ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு அத்தகைய குதிரை எங்கே கிடைக்கும் என்று தேட வேண்டியிருக்கவில்லை. கிளைடு ஆறு பாயும் லானார்க்‌ஷயர் பகுதியில் தோன்றிய 'கிளைடெஸ்டேல்' இனம் அவர்களுடைய ஊர்க் குதிரையே. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஹாமில்டன் பிரபு பிளாண்டர்ஸ் நாட்டிலிருந்து கனத்த பொலிகுதிரைகளை வரவழைத்து உள்ளூர்ப் பெட்டைகளுடன் சேர்த்ததிலிருந்து அவ்வினம் உருப்பெற்றது என்பர். அகன்ற குளம்பு, கணுக்காலில் தொங்கும் நீண்ட மயிர், காலை உயர்த்தி வீசி நடக்கும் நடை ஆகியவை அதன் அடையாளங்கள். பாய்மரக் கப்பலில் ஏறக்குறைய மூன்று மாதம், குறுகிய மரக்கூண்டில் நின்றபடியே, புயலையும் வெப்பத்தையும் தாங்கி அக்குதிரைகள் தென்கடலைக் கடந்து வந்தன. அவ்வாறு பிழைத்து வந்த ஒரு பொலிகுதிரையை வாங்குவது சிறு குடியானவனால் இயலாத காரியம். ஆகவே குதிரையின் சொந்தக்காரர் ஒருவர். அதன் பயனைப் பெறுவோர் பலர் என்ற ஏற்பாடு பிறந்தது. குதிரை ஊர் ஊராக நடந்து சென்றது. இம்முறையும் ஸ்காட்லாந்திலிருந்தே வந்தது.

இனி, ஒரு பெட்டைக் குதிரை மட்டும் உடைய குடியானவனை நினைத்துப் பாருங்கள். அவன் விளம்பரத்தைப் படித்து, கட்டணம் செலுத்தி, தன் பெட்டையை அழைத்துச் செல்கிறான். குதிரையின் சினைக் காலம் ஏறக்குறைய பதினொரு மாதம். குட்டி பிறந்தபின் அதனை இரண்டு மூன்று ஆண்டுகள் வளர்த்துப் பழக்க வேண்டும். அது முழுப் பாரத்தை இழுக்க நான்கு ஆண்டுகள் ஆகும். அதாவது, இன்று அவன் செய்த முடிவு சரியா, தவறா என்பது ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகே தெரியவரும். குளம்பின் மேற்புறம் எலும்பு வளர்ந்து நொண்டுவதும், ஓடும்போது மூச்சு இரைந்து தடுமாறுவதும் போன்ற சில கோளாறுகள் தந்தையிடமிருந்து குட்டிக்கு இறங்குவன என்று அக்காலத்தார் அஞ்சினர். குட்டி நொண்டியானால் அவன் இழப்பது கட்டணத்தை மட்டுமன்று. ஐந்து ஆண்டு உழைப்பையும், ஐந்து ஆண்டுத் தீவனத்தையும், சில வேளைகளில் நிலத்தையுமே.

இந்த அச்சத்துக்கு மருந்தாக வந்ததே வமிசாவளி. கண்ணெதிரே நிற்கும் குதிரை இன்று எப்படி இருக்கிறது என்பதைக் கண் சொல்லும். அதன் குட்டி எப்படி இருக்கும் என்பதை அதன் முன்னோரும் அதன் முந்தைய குட்டிகளுமே சொல்ல முடியும். ஆனால் முன்னோரின் பெயரை யார் வேண்டுமானாலும் அச்சிட்டுவிடலாமே! அதைச் சரிபார்ப்பது எவ்வாறு? 1877இல் ஸ்காட்லாந்தில் கிளைடெஸ்டேல் குதிரைச் சங்கம் நிறுவப்பெற்று, ஒவ்வொரு குதிரைக்கும் எண் இட்டு மரபுப் பதிவேடு வெளியிடத் தொடங்கியது. நியூசிலாந்திலும் 1911இல் அத்தகைய சங்கம் எழுந்தது. முகம் அறியாத ஒருவரின் சொல்லை, உலகின் மறுகோடியில் இருக்கும் ஒரு குடியானவன் நம்புவதற்கு ஒரு புத்தகம் சாட்சியாக நின்றது. இது சிறிய சாதனை அன்று. 1911இல் நியூசிலாந்தில் நான்கு இலட்சத்துக்கு மேற்பட்ட குதிரைகள் இருந்தன; அப்போது அந்நாட்டின் மக்கள்தொகை ஏறக்குறைய பத்து இலட்சமே.

நல்ல வமிசத்துக்கு மக்கள் எவ்வளவு விலை கொடுத்தனர் என்பதற்கு ஒரு சான்று. பாரன் ஆஃப் பக்லைவி என்னும் கிளைடெஸ்டேல் பொலிகுதிரையின் உரிமை குறித்து இரண்டு கூட்டாளிகள் பிணங்கினர். வழக்கு அக்காலத்தில் பிரிட்டனின் உச்ச மன்றமாக விளங்கிய பிரபுக்கள் சபை வரை சென்றது. முடிவில் 1911 டிசம்பரில் ஸ்காட்லாந்தின் ஏர் நகரில் அதனை ஏலம் விட்டனர். அது 9,500 பவுனுக்கு விலை போயிற்று. அக்குதிரையின் எலும்புக்கூட்டைக் கிளாஸ்கோ நகரத்தின் கெல்விங்குரோவ் பொருட்காட்சிசாலையில் வைத்துப் போற்றினர்.

இந்தத் தொகையைக் குறித்துக்கொண்டபோது, எனது குறிப்பேட்டின் முந்தைய பக்கத்தில் எழுதியிருந்த வேறு இரண்டு தொகைகள் என் கண்ணில் பட்டன. தென்தீவில் வாழ்ந்த மாவோரி இனத்தார் ஙாய் தாஹு எனப்படுவர். அவர்களிடமிருந்து ஓடாகோ நிலத்தை 1844இல் வாங்கிய விலை 2,400 பவுன். கான்டர்பரிச் சமவெளி உள்ளிட்ட மிகப் பரந்த நிலத்தை 1848இல் வாங்கிய விலை 2,000 பவுன். இரண்டையும் கூட்டினால் 4,400. காலம் வேறு, இடம் வேறு என்பது உண்மையே. ஆயினும், அந்த மண்ணை உழுத இனத்தைச் சேர்ந்த ஒரே ஒரு குதிரையின் விலை, அந்த மண்ணுக்குக் கொடுத்த விலையைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் என்பதைப் படித்தபோது என்னால் அடுத்த பக்கத்துக்குச் செல்ல முடியவில்லை.

விலை மட்டும் அன்று. மாவோரி மக்களிடமும் வமிசாவளி உண்டு. அதனை அவர்கள் 'ஃபாகபாபா' என்பர். பல தலைமுறைகளின் பெயர்களை முறை தவறாமல் மனப்பாடமாகச் சொல்வார்கள். இன்ன ஆற்றங்கரை இன்ன குடும்பத்துக்கு உரியது என்பதற்கு அதுவே ஆதாரம். அச்சிட்ட குதிரை வமிசாவளியை வரி விடாமல் படித்த அச்சமுதாயம், வாயால் சொன்ன மனித வமிசாவளிக்குக் காது கொடுக்கவில்லை. ஒதுக்கித் தருவதாகச் சொன்ன நிலம் போதிய அளவில் ஒதுக்கப்படவில்லை என்று மத்தியாஹா திராமோரேஹு என்ற தலைவர் 1849இலேயே முறையிட்டார். அம்முறையீட்டை அவருடைய மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தனர்.

காலம் மாறிற்று. டிராக்டர் வந்தது. பொலிகுதிரைகளின் வசந்த வலம் நின்றது. விளம்பரப் பத்திகள் மறைந்தன. கிளைடெஸ்டேல் குதிரையே அருகிப்போன இனமாகிப் பாதுகாப்பை நாடும் நிலைக்கு வந்துவிட்டது. ஙாய் தாஹு மக்களின் முறையீடோ மறையவில்லை. 1998இல் நியூசிலாந்துப் பாராளுமன்றம் தனிச் சட்டம் இயற்றியது. அரசு தவற்றை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கோரியது. 17 கோடி நியூசிலாந்து டாலர் ஈடு அளித்தது. அவ்வினத்தின் உறுப்பினராகப் பதிவு செய்ய விரும்புவோர் இன்று காட்ட வேண்டியது என்ன? 1848இல் உயிரோடிருந்த ஙாய் தாஹு முன்னோர் ஒருவரின் வழிவந்தவர் தாம் என்பதை. ஆம், வமிசாவளியைத்தான்.

மாணவ நேயர்களே, பழைய பத்திரிகையை எடுத்தால் தலையங்கத்தோடு நின்றுவிடாதீர்கள்; விளம்பரத்தையும் படியுங்கள். ஒரு சமுதாயம் எதை நம்பியது, எதற்கு அஞ்சியது என்பதை அது ஒளிக்காமல் சொல்லும். படித்த பின் ஒரு கேள்வியையும் கேளுங்கள்: இங்கே யாருடைய பெயர் இல்லை? குதிரையின் பாட்டனார் பெயர் வரை அச்சில் ஏறியிருக்கிறது. அதன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, மழையிலும் குளிரிலும் ஊர் ஊராக நடந்த குதிரைக்காரனின் பெயரை நான் தேடினேன். நான் படித்த விளம்பரங்களில் அது இல்லை.