கல்லாகத் திரும்பும் சுண்ணாம்பு

திருநெல்வேலிக்கு வடக்கே தாழையூத்துப் பக்கம் பூமிக்குள் சுண்ணாம்புக்கல் கிடக்கிறது. 1949-இல் அங்கே சிமென்ட் ஆலை வந்ததே அந்தக் கல்லை நம்பித்தான். ஆலை வருவதற்குப் பல நூறு வருஷங்களுக்கு முன்பே இந்தச் சீமையில் கல்லைச் சுட்டுக் காரையாக்கியவர்கள் காளவாசல்காரர்கள். கோயில், தெப்பக்குளம், மச்சுவீடு எல்லாம் அவர்கள் சுட்டதில் எழுந்தவை. அப்படிச் சுட்ட கல் ஒன்றின் பின்னாலேயே நடந்தால் குற்றாலத்துச் சித்திரசபைச் சுவர் வரைக்கும், அதற்கு அப்பாலும்கூடப் போகலாம்.

காளவாசலில் கல்லையும் விறகையும் மாற்றி மாற்றி அடுக்கி, அடியில் தீ வைப்பார்கள். சுமார் 900 டிகிரி சூட்டில் கல் தன்னிடமுள்ள கரியமில வாயுவை விட்டுவிடுகிறது. சுத்தமான கல் 100 கிலோ போட்டால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு தேறும்; மிச்சம் 44 கிலோ வாயுவாகப் போய்விடும். வெந்த கல் உருவம் மாறாமல்தான் இருக்கும். கையில் எடுத்தால்தான் பொய்க்கனம் தெரியும்.

கவனிக்க வேண்டியது காளவாசலின் திறந்த வாய். அதே கல்லை இரும்புப் பெட்டியில் போட்டு, காற்றை எடுத்து இறுக மூடி, 800 டிகிரியில் வைத்துப் பாருங்கள். கொஞ்சம் கல் உடையும், வாயு சேரும். உள்ளே வாயுவின் அழுத்தம் வளிமண்டலத்தில் கால்வாசியை நெருங்கியதும் அளவுகள் அப்படியே நின்றுவிடும். எத்தனை நாள் எரித்தாலும் மீதிக் கல் மீதிக் கல்தான். பெட்டிக்குள் இன்னும் கல்லைத் திணித்தாலும் அழுத்தம் ஏறாது. சூட்டை ஏற்றினால்தான் ஏறும்.

இதைத்தான் பதினொன்றாம் வகுப்பில் வேதிச் சமநிலை என்று படிக்கிறோம். வினை ஓய்ந்துவிட்டது என்று பிள்ளைகள் எழுதிவிடுவார்கள், பெயரில் ‘நிலை’ இருப்பதால் அவர்களையும் குறை சொல்ல முடியாது. உண்மையில் அங்கே எதுவும் ஓயவில்லை. கல் உடைந்துகொண்டே இருக்கிறது; உடைந்த சுண்ணாம்பு அதே வேகத்தில் வாயுவைப் பிடித்துக் கல்லாகிக்கொண்டே இருக்கிறது. சீசனில் குற்றாலத்துப் பேரருவிக்குக் கீழே எப்போது பார்த்தாலும் அதே கூட்டம் நிற்கிற மாதிரிதான். நனைந்தவர் வெளியே வர, வரிசையில் நின்றவர் உள்ளே போகிறார். ஆள் மாறுகிறதே தவிரத் தலைக்கணக்கு மாறுவதில்லை.

காளவாசல்காரரின் சாமர்த்தியம் இந்தச் சமநிலையை வரவிடாமல் அடிப்பதில் இருக்கிறது. வாயு மேலே போகப் போக, திரும்பிக் கல்லாக வழியில்லாமல் சுண்ணாம்பு தனித்து நிற்கிறது. காற்றோட்டம் குறைந்த இடத்தில் நடுக்கல் வேகாமல் நின்றுவிடும்.

வினை இரண்டு பக்கமும் ஓடும் என்ற எண்ணம் வேதியியலுக்குள் வந்ததிலும் சுண்ணாம்புக்கு ஒரு பங்கு உண்டு. 1798-இல் நெப்போலியனோடு எகிப்துக்குப் போன பிரெஞ்சு வேதியியலாளர் பெர்தோலே, அங்கே உப்பு ஏரிகளின் கரையில் சோடா உப்பு பூத்துக் கிடப்பதைப் பார்த்தார். சோடா உப்பையும் கால்சியம் குளோரைடையும் கலந்தால் சுண்ணாம்புக்கல்லும் சாப்பாட்டு உப்பும் வரும் என்பது ஆய்வுக்கூடத்தில் தெரிந்த சங்கதி. ஏரிக்கரையில் உப்பும் சுண்ணாம்புக்கல்லும் ஏராளமாகக் கிடந்ததால் அதே வினை பின்னோக்கி நடந்திருந்தது. எது எவ்வளவு இருக்கிறது என்பதும் திசையைத் தீர்மானிக்கும் என்று 1803-இல் புத்தகமே எழுதினார். 1864-இல் நார்வேக்காரர்கள் குல்பர்க்கும் வாகேயும் அதைக் கணக்காக்கினார்கள்.

நம் கல் இப்போது தண்ணீருக்கு வருகிறது. சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றியதும் முதலில் ஒன்றும் நடக்காது, உறிஞ்சிக்கொள்ளும். பிறகு கீறல் விடும், சீறும், ஆவி கிளம்பும், தொட்டி கொதிக்கும். பக்கத்தில் குனிந்து பார்ப்பவர் கண்ணைப் பறிகொடுக்கலாம். 56 கிலோ, 18 கிலோ தண்ணீரைச் சேர்த்துக்கொண்டு 74 கிலோ நீற்றுச் சுண்ணாம்பாகிறது. இதுவும் மீள்வினைதான்: 500 டிகிரிக்கு மேல் காய்ச்சினால் தண்ணீரைத் திருப்பிக் கொடுத்துவிடும்.

இதில் கொஞ்சம் பனையேறியின் கலயத்துக்கும் போகும். உட்புறம் சுண்ணாம்பு தடவிய கலயத்தில் வடிந்தால் பதநீர், தடவாவிட்டால் கள். சுண்ணாம்பின் காரம் புளிக்க வைக்கும் நுண்ணுயிர்களை அடக்கிவிடுகிறது.

மிச்சம் மணலோடும் கடுக்காய், கருப்பட்டித் தண்ணீரோடும் அரைபட்டுச் சுவருக்கு ஏறுகிறது. நடராசருக்குரிய ஐந்து சபைகளில் குற்றாலத்தில் இருப்பது சித்திரசபை; உட்சுவர்களெல்லாம் ஓவியம். ஓவியத்தைத் தாங்கி நிற்கும் காரைப் பூச்சில்தான் கல் திரும்பிப் பிறக்கிறது. காற்றில் கரியமில வாயு பத்தாயிரத்தில் நாலு பங்குதான். ஆனாலும் சாதாரண வெயிலில் கல் உடைய வேண்டுமானால் வாயுவின் அழுத்தம் அதைவிடக் கோடானுகோடி மடங்கு குறைந்திருக்க வேண்டும். அதனால் சுவரில் வினைக்கு ஒரே திசைதான்: 74 கிலோ, தண்ணீரை விட்டு வாயுவைப் பிடித்து, மறுபடி 100 கிலோ கல்.

அவசரப்பட்டால் ஆகாது. ஈரம் கொஞ்சம் வேண்டும், அதில் கரைந்துதான் வாயு வினைபுரியும். சாரல் நாளில் சுவரின் துளைகள் நீரால் நிறைந்துவிட்டாலோ வாயு உள்ளே நகர முடியாமல் திணறும், காற்றில் நகர்வதில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு வேகத்தில். மேல்தோல் இறுகி உள்ளே மாவாகவே கிடக்கும் பழைய சுவர்கள் இருக்கின்றன.

கல்லானதும் பயணம் முடிந்துவிடாது. மழைநீர் கரியமில வாயுவை ஏந்தி வருகிறது. அது பட்ட சுண்ணாம்புக்கல் பைகார்பனேட்டாகக் கரையும். இந்த வினையும் இருபக்கம் ஓடுவது. தென்காசியைத் தாண்டிக் கிழக்கே சுக்கான்கல் நிலத்துக் கிணற்று நீரைக் காய்ச்சும் டீக்கடை பாய்லரில் வெள்ளையாகப் படிவது, சூட்டில் வாயு வெளியேற மறுபடி உருவான கல். கெட்டிப் பாறைமேல் இறங்கும் அருவி நீரில் அந்தத் தொல்லை குறைவு.

கரைந்தது சிற்றாற்றோடு போய், சீவலப்பேரியில் தாமிரபரணியில் கலந்து, புன்னைக்காயலில் கடல் சேர்கிறது. அங்கே சிப்பியும் சங்கும் தண்ணீரிலிருந்து சுண்ணத்தை எடுத்து ஓடு கட்டுகின்றன. அந்த ஓட்டையும் அள்ளி வந்து சுடுவதுண்டு. வெற்றிலைக்குத் தடவ, கல் சுண்ணாம்பைவிடச் சிப்பிச் சுண்ணாம்பைத்தான் பழையவர்கள் கேட்டு வாங்குவார்கள்.