‘உங்களை மிஸ் பண்றோம்’: புஷ் நோட்டிஃபிகேஷனின் கதை

இந்த எபிசோடை ஒரு வாக்குமூலத்தோட ஆரம்பிக்கிறேன்.

என் முதல் வேலையில, ஒரு மாசமா ஆப்பைத் திறக்காதவங்களுக்கு “உங்களை மிஸ் பண்றோம்”னு ஒரு நோட்டிஃபிகேஷன் அனுப்பச் சொன்னாங்க. ராத்திரி 9 மணிக்குப் போகணும். நானும் 21:00னு டைம் போட்டுட்டு வீட்டுக்குக் கிளம்பிட்டேன். சர்வர் ஓடுறது யூ.டி.சி. நேரத்துலங்கிறதை மறந்தே போயிட்டேன். நம்ம ஊர்க் கணக்குல அது நடுராத்திரி 2:30.

அதுக்கப்புறம் மெசேஜ் அனுப்பினப்பல்லாம் சர்வர் லாக்ல 410, 410னு வரிசையா வந்துச்சு. ஆப்பிள் சர்வர் 410னு பதில் சொன்னா, ‘இந்த முகவரி இப்போ செல்லாது’ன்னு அர்த்தம். பெரும்பாலும், அந்த ஆள் ஆப்பைத் தூக்கிட்டார். திரும்பி வாங்கன்னு கூப்பிடப் போய், மொத்தமா அனுப்பி வெச்சிட்டோம்.

சரி, இந்த வசதியை எதுக்காகக் கொண்டுவந்தாங்க? நம்மளைக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கவா? இல்லைங்க. பேட்டரியைக் காப்பாத்த!

1999-ல பிளாக்பெர்ரி 850 வந்துச்சு. மெயில் வந்திருக்கான்னு நாம போய்ப் பார்க்க வேண்டியதில்லை, மெயிலே நம்மளைத் தேடி வரும். அடுத்த சில வருஷங்கள்ல ஆபீஸ்காரங்க அதுக்கு எப்படி அடிமையானாங்கன்னா, ‘கிராக்பெர்ரி’ங்கிற கேலிப் பேரை 2006-ல வெப்ஸ்டர்ஸ் நியூ வேர்ல்ட் அகராதிக்காரங்க அந்த வருஷத்தோட வார்த்தையா தேர்ந்தெடுத்தாங்க.

2008 ஜூன் மாசம். ஐபோனுக்கு வெளி ஆட்கள் ஆப் எழுதலாம்னு ஆப்பிள் சொல்லியிருந்த நேரம். டெவலப்பர்களோட பெரிய குறை, ஆப்பை மூடிட்டா அது பின்னணியில ஓடாது. அப்புறம் புது மெசேஜ் வந்தா எப்படித் தெரியும்? ஆப்பிளோட ஸ்காட் ஃபார்ஸ்டால் மேடையில சொன்ன பதில்: எல்லா ஆப்பையும் பின்னணியில ஓடவிட்டா பேட்டரி காலியாகும், போன் மெதுவாகும். அதுக்குப் பதிலா, போனுக்கும் ஆப்பிள் சர்வருக்கும் நடுவுல ஒரே ஒரு இணைப்பு எப்பவும் திறந்திருக்கட்டும். ஆப் கம்பெனிகள் செய்தியை ஆப்பிள்கிட்ட கொடுத்தா, ஆப்பிள் போனுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஒவ்வொருத்தரா வந்து கதவைத் தட்டாம, தெருவுக்கு ஒரே தபால்காரர் மாதிரி.

செப்டம்பர்ல வரும்னு சொன்னது தள்ளிப்போச்சு. 2009 ஜூன் 17-ல ஐபோன் ஓ.எஸ். 3.0-வோடதான் வந்துச்சு. அந்தத் தபால்காரர் தூக்கினது சின்ன மூட்டை: ஒரு செய்திக்கு மொத்தமே 256 பைட். ‘வணக்கம்’னு தமிழ்ல எழுதினாலே அதுல 21 பைட் போயிடும். “ராஜா மெசேஜ் பண்ணியிருக்கார்” மாதிரி ஒரு வரி சொல்லிட்டு நகர்றதுக்கான அளவு அது. 2010-ல ஆண்ட்ராய்டு 2.2-வோட கூகுளும் இதே மாதிரி ஒரு சேவையைத் தொடங்குச்சு.

அப்புறம்தான் மார்க்கெட்டிங் டீம் உள்ளே வந்தாங்க. விளம்பரம் பண்ணணும்னா காசு. ஏற்கெனவே ஆப்பை இன்ஸ்டால் பண்ணினவரோட பூட்டுத் திரையில ஒரு வரி போடுறதுக்கு? கிட்டத்தட்ட இலவசம். செலவில்லாத விஷயத்தை யார் அளவோட பயன்படுத்துவாங்க?

ஐபோன்ல அனுமதி கேட்கிற பெட்டியை ஆப் ஒரே ஒரு தடவைதான் காட்ட முடியும். ‘வேண்டாம்’னு அழுத்திட்டா, நாமளா செட்டிங்ஸுக்குப் போய் மாத்தினாத்தான் உண்டு. ஆண்ட்ராய்டுல அந்தக் கேள்வியே ரொம்ப வருஷம் இல்லை. இன்ஸ்டால் பண்ணினாலே சம்மதம்தான். புஷ் வழியா விளம்பரம் கூடாதுன்னு ஆப்பிள் ஒரு விதி வெச்சிருந்துச்சு. 2020 மார்ச்ல, யூசர் ஆப்புக்குள்ள வெளிப்படையா சம்மதிச்சா அனுப்பலாம்னு அதையும் தளர்த்திட்டாங்க.

இதுல டியோலிங்கோ கதை தனி. பல நாள் கண்டுக்காம விட்டா, ‘இந்த நினைவூட்டல்கள் பலன் தர்ற மாதிரி தெரியலை, இப்போதைக்கு நிறுத்திக்கிறோம்’ங்கிற மாதிரி ஒண்ணு வரும். அம்மா ‘நீ சாப்பிடவே வேண்டாம் போ’ன்னு சொல்ற அதே டோன்! 2020-ல அவங்க ஆராய்ச்சியாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டாங்க. அதோட அடிப்படை எளிமையானது: ஒரே வரியை உடனே திரும்ப அனுப்பினா அதோட வீரியம் குறையும், கொஞ்ச நாள் ஓய்வு கொடுத்தா திரும்ப வரும். அந்தக் கணக்கை வெச்சு, யாருக்கு எந்த வரி போகணும்னு அல்காரிதம் முடிவு பண்ணும்.

எதிர்வினை ஆப்கள்கிட்ட இருந்து வரலை, போன்கள்கிட்ட இருந்து வந்துச்சு. 2017-ல ஆண்ட்ராய்டு 8, நோட்டிஃபிகேஷன்களை வகை வகையா பிரிச்சு, வேண்டாததை மட்டும் அணைக்கிற வசதியைக் கொடுத்துச்சு. 2021-ல ஐ.ஓ.எஸ். 15, அவசரமில்லாததை எல்லாம் கட்டி வெச்சு நாம சொல்ற நேரத்துல மொத்தமா கொடுக்க ஆரம்பிச்சுது. 2022-ல ஆண்ட்ராய்டு 13-லயும் ‘அனுமதிக்கவா?’ங்கிற கேள்வி வந்துடுச்சு. பேட்டரியைக் காப்பாத்த வந்த ஒரு வசதிகிட்ட இருந்து நம்ம கவனத்தைக் காப்பாத்த, மூணு பெரிய அப்டேட் தேவைப்பட்டிருக்கு.

அந்த 2:30 மணி சம்பவத்துக்கப்புறம், அனுப்புற கோடுல ஒரு வரி சேர்த்தேன்: யூசரோட ஊர்ல இப்போ என்ன நேரம்? கூடவே ஒரு பழக்கமும் வந்துச்சு. எந்த மெசேஜா இருந்தாலும் முதல்ல என் போனுக்கு அனுப்பிப் பார்ப்பேன். என்னையே எரிச்சல்படுத்தினா, அது போகாது. மேனேஜர் ‘ஓப்பன் ரேட் என்னாச்சு?’ன்னு கேட்பார். எத்தனை பேர் திறந்தாங்கன்னு காட்ட டாஷ்போர்டு இருக்கு. எத்தனை பேர் அதைப் பார்த்து எரிச்சலாகி, ஒண்ணும் சொல்லாம கடந்து போனாங்கன்னு காட்ட எந்தக் கட்டமும் அதுல இல்லை. 410 வரும்போதுதான் தெரியும். அப்போ அவங்ககிட்ட பேச வழியே இருக்காது.

இன்னைக்கு ஒரு அஞ்சு நிமிஷம் செட்டிங்ஸுக்குப் போய், யார் யாருக்கு உங்க கதவைத் தட்ட அனுமதி கொடுத்திருக்கீங்கன்னு பாருங்க. பெல் ஐகானை அழுத்துங்கன்னு சொல்ல இன்னைக்கு எனக்கே கூச்சமா இருக்கு. தோணுச்சுன்னா நீங்களே வாங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!