குளிர், சீஸ் சட்டி, கொஞ்சம் சரித்திரம்

மக்களே, நவம்பர் வந்துட்டா சுவிட்சர்லாந்துல எல்லாரும் ஒரு சட்டியைச் சுத்தி உக்காந்துடறாங்க. பேரு ஃபோண்டூ. சட்டிக்குள்ள பூண்டைத் தேய்ச்சு, வெள்ளை வைன் ஊத்தி, துருவின சீஸைப் போட்டு உருக்கி, சின்ன ஸ்பிரிட் அடுப்பு மேல வெச்சு, நீளமான முள்கரண்டியில ரொட்டித் துண்டைக் குத்தி முக்கிச் சாப்பிடணும். ரொட்டியைச் சட்டிக்குள்ள விட்டுட்டா அபராதம்: பாட்டுப் பாடணும், இல்லாட்டி பாத்திரம் கழுவணும். கடைசியில அடியில ஒட்டி முறுகிக் கிடக்கறதுக்கு ஜெர்மன் பேசறவங்க வெச்சிருக்கற பேரு 'பாட்டி'! நம்ம வீட்ல நெய் காய்ச்சின சட்டியில சோத்தைப் போட்டுப் புரட்டித் தருவாங்களே, அதுக்கு நடக்கற அதே சண்டை இங்கயும் நடக்குது :-)

கேட்டா, "காலங்காலமா எங்க மலை இடையர்கள் சாப்பிட்டது"ன்னு சொல்லுவாங்க. சரித்திரம் கொஞ்சம் வேற மாதிரி. சீஸை வைன்ல காய்ச்சற குறிப்பு 1699லயே ஒரு சமையல் புத்தகத்துல இருக்கு. ஆனா அதை எழுதின அன்னா மார்கரெத்தா கெஸ்னர் மலை இடைச்சி இல்லை, சூரிச் நகரத்துப் பெண்மணி. அதுக்கப்புறமும் ரொம்ப காலத்துக்கு இது பிரெஞ்சு பேசற மேற்குப் பகுதியோட சாப்பாடாத்தான் இருந்துச்சு. நாடு முழுக்கப் பரப்பினது சீஸ் யூனியன்.

முதல் உலகப்போர் தொடங்கின 1914ல அரசு ஆதரவோட உருவான அமைப்பு இது. பண்ணைக்காரங்களோட சீஸை நிர்ணயிச்ச விலைக்கு வாங்கி, உள்ளூர்லயும் வெளிநாட்டுலயும் விக்கறது இதோட வேலை. 1930கள்ல உலகமே பொருளாதார மந்தத்துல கிடந்தப்போ ஏற்றுமதி படுத்துடுச்சு, சீஸ் தேங்கிடுச்சு. யோசிச்சாங்க. ஒரு ஆளுக்கு சுமார் 200 கிராம் சீஸ் செலவாகற பண்டம் வேற எது இருக்கு? ஃபோண்டூவைத் தேசிய உணவுன்னு விளம்பரம் பண்ண ஆரம்பிச்சாங்க. 1950கள்ல 'ஃபோண்டூ நல்லது, நல்ல மனநிலை தரும்'ங்கற அர்த்தத்துல ஒரு வாசகம் போட்டு, அதோட எழுத்துகளைச் சுருக்கி 'ஃபிகுகேகல்'னு ஒரு சொல்லே உண்டாக்கினாங்க. 1999ல யூனியனைக் கலைச்சாச்சு. சட்டி மட்டும் நின்னு போச்சு.

சிரிக்காதீங்க, நம்ம கதையும் இதேதான். அதே மந்தத்துல இந்தியக் காப்பி விலை போகாம கிடந்தப்போ, உள்நாட்டுல குடிக்க வைக்கறதுக்காக காப்பி வரிக் குழு பம்பாயில 1936ல திறந்ததுதான் இந்தியா காபி ஹவுஸ். தமிழ்நாட்டுல காப்பி அதுக்கு முன்னாடியே வந்துடுச்சு, ஆனா அதுவும் ரொம்பப் பழசு இல்லை. ஆ.இரா.வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை'ன்னே புத்தகத்துக்குப் பேரு வெச்சிருக்கார். அதுக்காக டிகாஷன் வாசனை பொய்யாயிடுமா என்ன?

தெருமுனையில சுட்டு விக்கற கஷ்கொட்டை இதுக்கு நேரெதிர். அதை யாரும் விளம்பரம் பண்ணி உண்டாக்கலை. தெற்கே டிச்சினோ மலைப்பகுதியில தானியம் போதாத ஏழைகளுக்கு குளிர்காலச் சாப்பாடே அதுதான். அங்கேருந்து பிழைக்க வந்தவங்க ஊர் ஊராப் போய் சுட்டு வித்தாங்க. இன்னைக்கு நமக்கு கைக்குச் சூடா ஒரு பொட்டலம், அன்னைக்கு அவங்களுக்கு அது பசி.

பிழைக்க வந்தவங்கன்னதும் இன்னொரு கதையும் சொல்லணும். 1983 ஜூலைக் கலவரத்துக்கு அப்புறம் இலங்கைத் தமிழர்கள் ஆயிரக்கணக்குல இங்க வந்தாங்க. பெரும்பாலும் இளைஞர்கள், பனியையே பார்த்திராதவங்க. குளிருக்குப் போட்ட தோல் ஜாக்கெட்டை வெச்சே 'லெதர் ஜாக்கெட் தமிழர்கள்'னு இங்க சந்தேகமாப் பேசினாங்க. உடம்பை மூடின ஒரு துணி கூட குத்தமாப் போச்சு. அவங்கள்ல நிறையப் பேருக்கு வேலை கிடைச்சது உணவகச் சமையலறைகள்ல. அப்போ இந்த நாட்டோட தேசியச் சட்டிக்கு சீஸ் துருவின கைகள்ல நம்ம கைகளும் இருந்திருக்கும் இல்லையா?

அதனால ஃபோண்டூ எவ்வளவு பழசுங்கற கேள்வி எனக்கு இப்போ முக்கியமாத் தெரியலை. அந்த மேசையில யாருக்கெல்லாம் இடம் விட்டாங்க, எப்போ விட்டாங்கங்கறதுதான் கேள்வி.

சரி, உங்க ஊர்க் குளிருக்கு என்ன வெச்சிருக்கீங்க? சொல்லிட்டுப் போங்க.