கைமாறி வரும் ஸ்போர்ட்ஸ் கார்



சுங்கைப் பட்டாணி வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் முதலில் பால்மரம், பிறகு செம்பனை என்று முப்பத்தைந்து ஆண்டுகள் உழைத்த பெரியவர் ஒருவர் நமக்குப் பழக்கம். ஐம்பத்தைந்து வயது நிறைந்து, ஊழியர் சேமநிதிப் பணம் கைக்கு வந்த சமயம், ஒருநாள் மாலை மகனையும் அழைத்துக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தார். மகன் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் பிள்ளை. நல்லவன், சிகரெட்டைக்கூடத் தொடமாட்டான். அவனுக்கு இருந்தது ஒரே ஓர் ஆசை. இரண்டே கதவுகள் உள்ள, தரையோடு தரையாய்ப் படுத்து ஓடுகின்ற ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வேண்டும். புதியதை நினைத்தும் பார்க்க முடியாது. பழையதே போதும் என்றான்.

"ஐயா, நீங்களும் வந்து ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள். எனக்கு இந்த வண்டியெல்லாம் தெரியாது. பிள்ளை ஆசைப்படுகிறான்" என்றார் பெரியவர்.

நாமும் போனோம். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறோம். அதற்கு முன், இப்படிப்பட்ட வண்டிகள் கெடாவுக்கு எப்படி வந்து சேர்ந்தன என்பதைச் சொல்லியாக வேண்டும். அது ஏதோ பணக்காரர் கதை என்று நினைத்துவிட வேண்டாம். நம் பாட்டனும் பூட்டனும் கப்பலேறி வந்ததற்கே கார்தான் காரணம்.

1888ஆம் ஆண்டில் டன்லப் என்பவர் காற்றடைத்த டயரைச் செய்தார். 1908இல் அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டு தமது 'மாடல் டி' காரை வெளியிட்டார். கார் பெருகப் பெருக டயர் வேண்டியிருந்தது; டயருக்கு ரப்பர் வேண்டியிருந்தது. 1910ஆம் ஆண்டு ஏப்ரலில் லண்டன் சந்தையில் ஒரு ராத்தல் ரப்பரின் விலை 12 ஷில்லிங்கையும் தாண்டிப் போயிற்று. அதற்கு முந்திய ஆண்டில்தான், அதாவது 1909இல், கெடா மாநிலம் சயாமின் மேலாட்சியிலிருந்து ஆங்கிலேயரின் மேலாட்சிக்கு மாறியிருந்தது. கூலிம், கோல மூடா பக்கத்துக் காடுகள் அழிந்து தோட்டங்களாயின. பீடோங் அருகே உள்ள ஹார்வர்டு தோட்டம் அமெரிக்க டயர் கம்பெனி ஒன்றின் கிளை நிறுவனத்துக்குச் சொந்தமாக இருந்தது என்றால் இந்தத் தொடர்பு எவ்வளவு நேரானது என்று பாருங்கள். இங்கே காலையில் வாளியில் விழுந்த பால், அங்கே யாரோ ஒருவருடைய காருக்குச் சக்கரமாயிற்று.

ஆனால் அந்தக் கார் தோட்டத்துக்குத் திரும்பி வந்தபோது அதில் உட்கார்ந்திருந்தவர் துரை. நம்மவர் சிலர் அதை ஓட்டினார்கள். 'சைஸ்' என்று பெயர். பலர் அதைக் கழுவினார்கள். துரைமார்களில் இளைஞராய் இருந்த சிலருக்கு ஸ்போர்ட்ஸ் கார் மோகம் உண்டு. எம்.ஜி. என்னும் ஆங்கிலக் கார் அந்நாளில் பெயர் பெற்றது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் 1945இல் வந்த அதன் 'டி.சி.' வண்டிக்கு மேற்கூரைகூடத் துணிதான். செம்மண் சாலையில் அதை ஓட்டிக்கொண்டு போனால் துரை வீடு சேரும்போது யார் துரை, யார் வெளிக்காட்டு ஆள் என்று தெரியாது! சில ஆண்டுகளுக்கு ஒருமுறை துரைக்கு நீண்ட விடுப்பு வரும். கப்பலேறும் முன் வண்டியை விற்றுவிட்டுப் போவார். வாங்குகிறவர் பட்டணத்துப் பட்டறைக்காரராகவோ, கடை முதலாளியாகவோ இருப்பார். கைமாறிய வண்டிக்கு நம் ஊரில் சந்தை உண்டானது இப்படித்தான்.

நாடு விடுதலை பெற்ற பிறகு காட்சி மாறிற்று. உள்நாட்டிலேயே கார் பொருத்த வேண்டும் என்று அரசாங்கம் 1960களில் முடிவு செய்தது. வெளிநாட்டிலிருந்து முழுதாக வரும் காருக்கு இறக்குமதி வரி, அதன்மேல் கலால் வரி என்று ஏற்றியது. இந்தக் கலால் வரி 60 விழுக்காட்டிலிருந்து 105 விழுக்காடு வரை போகும். பெரிய எஞ்சின் என்றால் மேல்படி. போதாதற்கு இறக்குமதி அனுமதிச் சீட்டும் வேண்டும், 'ஏ.பி.' என்று எல்லாரும் சொல்வது அதைத்தான். ஆகவே ஐரோப்பாவில் ஓர் ஆசிரியரோ கணக்கரோ வாங்கக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார், நம் நாட்டுக்கு வந்ததும் செல்வந்தர் பொருளாகிவிட்டது.

அங்கேதான் ஜப்பான் வழி திறந்தது. ஜப்பானிலும் நம்மைப்போலவே ஓட்டுநர் வலப்பக்கம் அமர்வார். அங்கே புதுக் காருக்கு மூன்றாவது ஆண்டிலும், பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் கடுமையான சோதனை நடக்கும், செலவும் அதிகம். அதனால் பலர் நல்ல நிலையில் இருக்கும்போதே வண்டியைத் தள்ளிவிடுவார்கள். அவற்றை ஏலத்தில் எடுத்து, செப்பனிட்டு, இங்கே கொண்டுவந்து விற்பதுதான் 'ரீகண்டிஷன்' வியாபாரம். இங்கிலாந்திலிருந்தும் இப்படி வண்டிகள் வருகின்றன. ஓர் ஆண்டுக்குக் குறையாமலும் ஐந்து ஆண்டுக்கு மேற்படாமலும் வயதுள்ள வண்டியைத்தான் இப்படிக் கொண்டுவரலாம் என்பது விதி. நிஸ்ஸான் ஸ்கைலைன், டொயோட்டா சுப்ரா, மஸ்டா ஆர்.எக்ஸ்.7 ஆகியவற்றின் பெயர்களை நம் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வதற்கு இதுதான் வழி. பிறகு அவை இரண்டாம் கை, மூன்றாம் கை, ஐந்தாம் கை என்று இறங்கி வரும்.

கெடாவுக்கே உரிய இன்னொரு வழியும் உண்டு. அதுதான் லங்காவி.

1987இல் லங்காவித் தீவு வரியில்லாப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. சாக்லேட், பாத்திரம், துணி வாங்கவே நம்மவர்கள் கோல கெடாவில் படகேறுவார்கள். கார்களுக்கும் அங்கே வரிவிலக்கு உண்டு. மேற்சொன்ன கலால் வரியெல்லாம் இல்லையென்றால் விலை எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். லங்காவி வண்டிகளுக்கு 'கே.வி.' என்று தொடங்கும் தனி எண் பலகை. தீவுக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் ஓட்டலாம். ஆனால் பெருநிலத்துக்குக் கொண்டுவர வேண்டுமானால் சுங்க இலாகாவின் அனுமதி வேண்டும். அதுவும் குறிப்பிட்ட சில நாள்களுக்கு மட்டுந்தான். இங்கேயே வைத்துக்கொள்வதென்றால் விட்டுப்போன வரியைக் கட்டியாக வேண்டும்.

தீவு மக்களின் போக்குவரத்துச் செலவு குறையட்டும் என்று கொடுத்த சலுகை அது. நாளடைவில் தீவில் வாழாதவர்களும் விலையுயர்ந்த கார்களை அங்கே பதிந்து வைத்தார்கள். கடைசியில், 2025 அக்டோபரில் தாக்கலான வரவு செலவுத் திட்டத்தில், 2026 ஜனவரி முதல் 300,000 வெள்ளிக்கு மேற்படாத வண்டிகளுக்கு மட்டுமே அந்த விலக்கு என்று அறிவிக்கப்பட்டது. மீன்பிடிப்பவரும் டாக்சி ஓட்டுபவரும் அந்த வரம்பைப் பற்றிக் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள் என்பது நம் எண்ணம். நமக்கு இதில் உள்ள பாடம் வேறு: 'லங்காவி வண்டி, மலிவாகத் தருகிறேன்' என்று யாராவது பெருநிலத்தில் சொன்னால், அந்த மலிவு உண்மையில் இன்னும் கட்டாத வரிதான். சுங்க அதிகாரி பிடித்தால் வண்டி போய்விடும்.

இன்னொரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். அலோர் ஸ்டாரில் பிறந்த டாக்டர் மகாதீர் பிரதமராக இருந்தபோது 1983இல் புரோட்டோன் நிறுவனம் தொடங்கப்பட்டது. 1985இல் சாகா கார் வந்தது. அதே புரோட்டோன் 1996இல் இங்கிலாந்தின் புகழ்பெற்ற ஸ்போர்ட்ஸ் கார் நிறுவனமான லோட்டஸை வாங்கிற்று. துரைமார் நாட்டின் பந்தயக் கார்த் தொழிற்சாலை, 2017இல் சீன நிறுவனத்தின் கைக்குப் போகும்வரை, மலேசியர் கையில் இருந்தது. அடுத்து, நம் கூலிம் மாவட்டம். பாடாங் செராய் அருகே பாடாங் மேகாவில் உள்ள கார் பொருத்தும் ஆலையில் 2022 முதல் போர்ஷே நிறுவனத்தின் கேயென் வண்டி பொருத்தப்படுகிறது. ஐரோப்பாவுக்கு வெளியே போர்ஷே பொருத்திய முதல் இடம் இதுதான். அந்த ஆலை சைம் டார்பியைச் சேர்ந்தது. சைம் டார்பி யார்? 1910இல், ரப்பர் விலை உச்சிக்குப் போன அதே ஆண்டில், மலாக்காவில் ரப்பர்த் தோட்டங்களைப் பார்த்துக்கொள்ளத் தொடங்கிய கம்பெனி! தோட்டத்தில் பால் வெட்டியவரின் பேரப்பிள்ளை அந்த ஆலையில் போர்ஷேக்குத் திருகாணி முடுக்கும் நாள் வந்துவிட்டது.

சரி, பெரியவர் கதைக்கு வருவோம்.

வண்டி ஒரு கடைத்தெருவுக்குப் பின்னால் நின்றது. சிவப்பு நிறம். பையன் அதைச் சுற்றிச் சுற்றி வந்தான். விலை கேட்டால் சந்தை விலையில் பாதிகூட இல்லை. விற்பவர் இனிமையாகப் பேசினார். "பெயர் மாற்ற வேண்டியதில்லை அண்ணே. கையில் கொஞ்சம் பணம் கொடுத்துவிட்டு, மாதத் தவணையை மட்டும் பேங்கில் கட்டிக்கொண்டு வாருங்கள். அவ்வளவுதான்."

இதற்கு ஊரில் 'சம்போங் பாயார்' என்று பெயர். நமக்கு அப்போதே வயிற்றைக் கலக்கியது. 1967ஆம் ஆண்டின் வாடகைக் கொள்முதல் சட்டப்படி, தவணை முடியும்வரை வண்டி கடன் கொடுத்தவருக்கே சொந்தம். ஓட்டுகிறவர் வாடகைக்கு வைத்திருப்பவர் மட்டுமே. அவர் கடன் கொடுத்தவருக்குத் தெரியாமல் வண்டியைப் பிறர் கையில் தள்ளிவிட முடியாது. விலையில் 75 விழுக்காட்டுக்கு மேற்படாமல் கட்டியிருந்து, இரண்டு தவணை தொடர்ந்து தவறினால், 21 நாள் எழுத்து அறிவிப்புக் கொடுத்து வண்டியை எடுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் கட்டியிருந்தால் நீதிமன்ற உத்தரவு வேண்டும். ஆனால் அந்த அறிவிப்பு யார் பெயருக்குப் போகும்? கிராண்டில் உள்ள பெயருக்கு. பெரியவர் தம் சேமநிதியை எண்ணிக் கொடுத்த பிறகு ஒருநாள் விடியற்காலையில் லயத்து வாசலில் வண்டி காணாமற்போனால், அவருக்கு ஒரு கடிதம்கூட வந்திருக்காது.

கிராண்டைக் காட்டச் சொன்னோம். நகல்தான் இருந்தது. எஞ்சின் மூடியைத் திறந்து சேசிஸ் எண்ணைப் பார்த்தோம். ஜப்பான் வண்டிகள் பலவற்றில் எஞ்சினுக்குப் பின்புறத் தகட்டில் அது அடித்திருக்கும். எண் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அதைச் சுற்றியுள்ள வண்ணம் மற்ற இடத்தைவிடப் புதிதாக இருந்தது. பாய்விரிப்பைத் தூக்கினால் தரைத் தகட்டின் குறுக்கே ஒரு பற்றவைப்புத் தழும்பு. ஜப்பானில் பாதியாக வெட்டி உதிரிப் பாகமாக வரும் வண்டிகள் உண்டு. இரண்டு பாதிகளை ஒட்டி ஒரு வண்டியாக ஆக்கிவிடுகிறவர்களும் உண்டு. மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் அந்த ஒட்டு என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. இருக்கையின் அடிக்கம்பிகளில் துருவும் இருந்தது. 2010 நவம்பரில் அலோர் ஸ்டார் பக்கம் வந்த வெள்ளத்தை நேயர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அப்படி மூழ்கி எழுந்த வண்டிகள் கழுவித் துடைத்து வேறு ஊரில் விற்பனைக்கு வரும்.

பையன் முகம் வாடிப்போயிற்று. திரும்பும் வழியில் ஒரு கோப்பிக் கடையில் உட்கார்ந்து, உண்மையான பெயர்மாற்றத்தோடு ஒரு வண்டி வாங்கினாலும் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டோம். 1.5 லிட்டர் காருக்கு ஆண்டுச் சாலை வரி 90 வெள்ளி. 2 லிட்டருக்கு 380. 3 லிட்டருக்கு 2,130. பழைய போர்ஷே 911 ஒன்றின் 3.6 லிட்டர் எஞ்சினுக்குச் சுமார் 4,800 வெள்ளி. 2025இல் உயர்ந்த குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளியில், ஏறக்குறைய மூன்று மாதச் சம்பளம் வரிக்கே போகும். வண்டி பழையதானால் விலைதான் இறங்குகிறது. வரி இறங்குவதில்லை, உதிரிப் பாகத்தின் விலையும் இறங்குவதில்லை. மஸ்டா ஆர்.எக்ஸ்.7இன் எஞ்சினில் பிஸ்டனே கிடையாது. முக்கோண உருளைகள் சுழலும். அவற்றின் முனைப் பட்டைகள் தேய்ந்தால் எஞ்சினையே பிரிக்க வேண்டும். 1990களின் ஃபெராரி 355இல் ஒரு பெல்ட்டை மாற்றவே எஞ்சினை முழுதாக இறக்க வேண்டும். பையன் அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தான். பெரியவர் கோப்பியை ஆற்றி ஆற்றிக் குடித்தார், ஒன்றும் சொல்லவில்லை.

ஓர் ஆண்டு கழித்துப் பையன் தன் சொந்தச் சம்பளச் சேமிப்பில் ஒரு கார் வாங்கினான். புரோட்டோன் சத்ரியா ஜி.டி.ஐ. என்ற 1.8 லிட்டர் வண்டி. லோட்டஸ் பொறியியலாளர்கள் ஓட்டத்தைச் சீர்செய்த முத்திரையோடு வந்தது. புஸ்பாகோமில் எஞ்சின் எண், சேசிஸ் எண் இரண்டையும் சோதித்து, சாலைப் போக்குவரத்து இலாகாவில் பெயர் மாற்றி, கிராண்டைத் தன் பெயரில் எடுத்துக்கொண்டுதான் வீட்டுக்கு ஓட்டி வந்தான். சேமநிதிப் பணத்தில் பெரியவர் தோட்டத்தை விட்டு வெளியே ஒரு மலிவு வீட்டுக்கு முன்பணம் கட்டினார்.

தைப்பூசத்துக்கு அந்த வண்டியில்தான் குடும்பத்தோடு பினாங்கு போனார்கள். முன்பக்கம் மட்டுமே கதவு என்பதால் பின் இருக்கைக்குப் போக முன் இருக்கையை மடக்கிக் குனிந்து நுழைய வேண்டும். தண்ணீர்மலைப் படியேறுவதைவிட அதற்குள் ஏறி இறங்குவதுதான் கடினமாயிருந்தது என்று பெரியவர் நம்மிடம் சொல்லிச் சிரித்தார்.