எந்தப் பக்க ஜன்னல்? கிராண்ட் கேன்யன், 1956

டில்லியிலிருந்து காட்மாண்டு போறவங்க இடது பக்க ஜன்னல் சீட் கேட்டு வாங்கணும், திரும்பும்போது வலது பக்கம். இமயமலை வடக்கே இருக்கு, அவ்வளவுதான் கணக்கு. ஆனால் பார்க்க வேண்டியது பக்கவாட்டில் இல்லாமல் நேர் கீழே இருந்தால்? எந்த ஜன்னலிலும் தெரியாது. விமானி ஒரு பக்கமாகச் சாய்த்துத் திருப்பினால்தான் உண்டு. இடது பக்கத்துக்காரர்கள் பார்த்த பிறகு வலது பக்கத்துக்காகவும் ஒரு திருப்பு.

1950களில் அமெரிக்க விமானிகள் கிராண்ட் கேன்யன் மேலே இப்படிக் காட்டிக்கொண்டு போவது சகஜம். நேர்வழியில் பறக்க, கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட வான்பாதைகளை விட்டு விலகிப் போகலாம். அந்த வெளியில் யார் எங்கே பறக்கிறார்கள் என்று தரையிலிருந்து யாரும் பிரித்துவிட மாட்டார்கள். விமானிகளே கண்ணால் பார்த்து ஒதுங்கிக்கொள்ள வேண்டும்.

1956 ஜூன் 30, சனிக்கிழமை காலை. லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து 9:01-க்கு டி.டபிள்யூ.ஏ.வின் சூப்பர் கான்ஸ்டலேஷன் கிளம்பியது, கான்சாஸ் சிட்டிக்கு, 70 பேருடன். மூன்றே நிமிடம் கழித்து யுனைடெட்டின் டிசி-7, சிகாகோவுக்கு, 58 பேருடன். டி.டபிள்யூ.ஏ. 19,000 அடியில் போய்க்கொண்டிருந்தது. முன்னால் மேகம். 21,000 அடிக்கு ஏற அனுமதி கேட்டார்கள். அந்த உயரத்தில் யுனைடெட் இருந்ததால் மறுத்துவிட்டார்கள். உடனே, மேகத்துக்கு மேலே 1,000 அடியில் பறக்கிறோம் என்று வேறு மாதிரி கேட்டார்கள். அது கிடைத்தது. மேகத்தின் உச்சிக்கு மேல் 1,000 அடி ஏறினால் வந்து நிற்பது அதே 21,000 அடிதான்! ரெண்டு விமானமும் பெயிண்டட் டெசர்ட் கோட்டை 10:31-க்குக் கடப்போம் என்று தகவல் கொடுத்திருந்தன. சால்ட் லேக் கட்டுப்பாட்டாளர் கையில் ரெண்டு தகவலும் இருந்தது. ஆனால் கட்டுப்பாடில்லாத வான்வெளி என்பதால் எச்சரிக்க வேண்டிய கடமை அவருக்கு இல்லை.

டிசி-7-இன் இடது இறக்கை மற்றதன் வால் பகுதியில் மோதியது. கொலராடோவும் லிட்டில் கொலராடோவும் கூடும் இடத்தருகே, டெம்பிள் பியூட் சரிவில் ஒன்று, சுவார் பியூட்டில் இன்னொன்று. 128 பேரில் யாரும் பிழைக்கவில்லை.

1957-இல் வந்த விசாரணை அறிக்கை, விமானிகள் ஒருவரையொருவர் சரியான நேரத்தில் பார்க்கவில்லை என்று முடித்தது. ஏன் பார்க்கவில்லை என்பதற்கு உறுதியான பதில் கிடையாது. சாத்தியங்களை மட்டும் அடுக்குகிறது. குறுக்கே மேகம், காக்பிட் கண்ணாடியின் மறைவு, மனிதக் கண்ணின் எல்லை, தரையில் ஆள் பற்றாக்குறை. நடுவில் ஒன்று: பயணிகளுக்குக் கேன்யனை நன்றாகக் காட்டும் முயற்சியில் கவனம் போயிருக்கலாம்.

பிற்பாடு கதை சொன்னவர்களில் பலர் இந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு, வேடிக்கை காட்டப் போய் மோதினார்கள் என்று எழுதுகிறார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. அந்த விமானங்களில் பேச்சுப்பதிவுக் கருவியோ பறப்புப்பதிவுக் கருவியோ கிடையாது. காக்பிட்டில் என்ன நடந்தது என்று சொல்ல ஆளும் இல்லை. ஒரே உயரம், ஒரே நேரம் என்று காகிதத்தில் தெரிந்தும் யாரும் வாயைத் திறக்க வேண்டியிராத ஏற்பாடுதான் பெரிய குற்றவாளி. அன்றைய அமெரிக்க அரசும் அப்படித்தான் பார்த்தது போலிருக்கிறது. ரேடாருக்கும் கட்டுப்பாட்டாளர்களுக்கும் பணம் ஒதுக்கினார்கள். 1958 ஆகஸ்டில் ஐசனோவர் கையெழுத்திட்ட சட்டம் எஃப்.ஏ.ஏ.வை உருவாக்கியது.

அதோடு பெரிய பயணி விமானங்கள் நினைத்தபடி வளைந்து காட்டுகிற காலம் முடிந்தது. சுற்றுலாவுக்கென்றே பறக்கும் சின்ன விமானங்களுக்கு அந்தக் கட்டுப்பாடு வர இன்னும் 30 வருஷம் ஆனது. 1986 ஜூன் 18 அன்று அதே கேன்யனில் ஒரு ட்வின் ஆட்டரும் ஹெலிகாப்டரும் மோதி 25 பேர் இறந்தார்கள். அடுத்த வருஷம் வந்த சட்டத்துக்குப் பிறகுதான் பள்ளத்தாக்கின் விளிம்புக்குக் கீழே இறங்கிச் சுற்றிக்காட்டுவது நின்றது.