ஆலோசனை நிறுவனங்களில் கோடைக்காலப் பயிற்சி: பெங்களூரு

கோடைக்காலப் பயிற்சி என்பது, ஈராண்டு மேலாண்மை முதுநிலைப் படிப்பின் முதலாம் ஆண்டு முடிந்தபின், ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான இடைவெளியில், மாணவர் ஒரு நிறுவனத்தில் ஏறத்தாழ எட்டு வாரங்கள் ஊதியம் பெற்றுப் பணியாற்றும் ஏற்பாடாகும். பிற நிறுவனங்களின் சிக்கல்களை ஆராய்ந்து கட்டணத்துக்குத் தீர்வு கூறும் மேலாண்மை ஆலோசனை நிறுவனங்களைப் பொறுத்தவரை, இதனைப் பயிற்சி என்பதைவிட எட்டு வாரம் நீளும் நேர்காணல் என்று கொள்வதே பொருத்தம். இத்துறையில் முதன்மையானவையாகக் கருதப்படும் மெக்கின்சி (1926), பாஸ்டன் கன்சல்டிங் குரூப் (1963), பெயின் (1973) ஆகிய மூன்று அமெரிக்க நிறுவனங்களுக்கும் பெங்களூரில் அலுவலகங்கள் உள்ளன.

இந்நகரில் இவற்றுக்கு மாணவர்களை அனுப்பும் முதன்மையான கல்விக்கூடம் 1973இல் தொடங்கப்பெற்ற இந்திய மேலாண்மைக் கழகமாகும்; பன்னேர்கட்டா சாலையில் பி. வி. தோஷி வடிவமைத்த கல் வளாகம் அதனுடையதே. கோடைப் பயிற்சிக்கான தேர்வு, மாணவர் சேர்ந்த சில மாதங்களிலேயே, முதலாம் ஆண்டு பாதியைக் கடக்கும் முன் நடந்துவிடுவதால், அவர் அங்கு கற்றதைக் கொண்டு மதிப்பிட நிறுவனங்களுக்கு ஏதும் இருப்பதில்லை. ஆகவே பள்ளி மதிப்பெண், இளநிலைக் கல்லூரியின் பெயர், முந்தைய வேலை ஆகியவையே முதற்கட்டச் சல்லடையாகின்றன. ஆலைத் தொழிலாளர் குடும்பங்கள் பலவற்றைக் கொண்டு வளர்ந்த, தமிழர் மிகுந்து வாழும் ஸ்ரீராம்புரம் போன்ற பகுதியிலிருந்து, 2014 மார்ச் 1 அன்று திறக்கப்பட்ட மெட்ரோ நிலையத்தில் ஏறி, மெஜஸ்டிக்கில் வண்டி மாறினால், நகர மையத்திலுள்ள எம்.ஜி. சாலையை அரை மணி நேரத்துக்குள் அடைந்துவிடலாம். ஆனால் அந்தச் சல்லடையின் கண்களைக் கடப்பது அத்தனை எளிதன்று. இதற்கு மாறாக, 2024இல் ஒன்றிய அரசு அறிவித்த பிரதமர் பயிற்சித் திட்டம், மாதம் 5,000 ரூபாய் உதவித்தொகையுடன், மேலாண்மைக் கழகங்களில் படித்துப் பட்டம் பெறாதவர்களையே கருதி வகுக்கப்பட்டது. அதுவும் இந்தக் கோடைக்காலப் பயிற்சியும் பயிற்சி என்றே அழைக்கப்பட்டாலும் இரண்டின் உலகங்களும் வேறு.

தேர்வின் மையம் கேஸ் நேர்காணல் எனப்படுவது; இதில் ஒரு வணிகச் சிக்கலைக் கூறி, தேர்வரை வாய்விட்டுச் சிந்திக்கச் சொல்வர். ஸ்ரீராம்புரம் மெட்ரோ நிலையத்தில் நாளொன்றுக்கு எத்தனை பேர் ஏறுகின்றனர் என்பது போன்ற மதிப்பீட்டு வினா இதில் ஒரு வகை. தேர்ந்த விடையாளர் உடனே எண்ணைச் சொல்லமாட்டார்; சேவை நேரம் 17 மணி என்றும், அதில் நெரிசல் வேளை 6 மணி என்றும் கொண்டு, நெரிசலில் மணிக்கு 1,500 பேர், எஞ்சிய 11 மணியில் மணிக்கு 400 பேர் என வைத்தால் 9,000மும் 4,400மும் சேர்ந்து 13,400 வரும் என்று காட்டி, நடந்து வரும் தொலைவில் வாழ்வோர் எத்தனை பேராக இருக்கக்கூடும் என்ற வேறொரு வழியில் அதைச் சரிபார்ப்பார். இவை யாவும் கற்பித எண்களே. உண்மையான எண்ணிக்கை வேறாக இருப்பினும் விடை தோற்றதாகாது, ஏனெனில் எந்த ஊகம் பிழை என்று கேட்பவர் சுட்டிக்காட்டும்படி கணக்கு திறந்து கிடக்கிறதா என்பதே சோதிக்கப்படுகிறது.

பணியிலும் இதே அளவுகோல்தான் செயல்படுகிறது. பங்காளர் (பார்ட்னர்), மேலாளர், இளநிலை ஆலோசகர் சிலர் கொண்ட குழுவில், பயிற்சியாளருக்குப் பெரிய வினாவின் ஒரு கிளை தனியே ஒப்படைக்கப்படும். அதை ஒரே வாக்கியத்தில் எழுதி மேலாளரின் ஒப்புதலைப் பெறுவதும், தரவு சேருமுன்பே தலைப்பு மட்டும் எழுதிய வெற்று ஸ்லைடுகளை வரைந்து காட்டுவதும் முதல் வாரத்துக்குரிய வேலைகள். 1963இல் மெக்கின்சியில் சேர்ந்த பார்பரா மின்டோ வகுத்த பிரமிடு கோட்பாட்டின்படி முடிவு முதலிலும் காரணங்கள் அதன்கீழும் வரவேண்டும்; காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியாமலும், சேர்த்துப் பார்த்தால் எதுவும் விடுபடாமலும் இருக்கவேண்டும். பள்ளி முதல் படிப்படியாகக் கணக்குச் செய்து விடையை இறுதியில் எழுதப் பழகிய இந்திய மாணவருக்கு இத்தலைகீழ் முறை எளிதில் கைவருவதில்லை. இதனினும் பெரிய இடர், நன்றாகப் படித்தவர்களிடமே காணப்படும் தனித்து உழைக்கும் பழக்கம்; மூன்று வாரம் யாரிடமும் காட்டாமல் செதுக்கிய ஆய்வை நான்காம் வார இடைமதிப்பீட்டில் திறந்து வைப்பவர், முதல் நாளே ஐந்து நிமிடத்தில் திருத்தியிருக்கக்கூடிய பிழையை அங்குதான் அறிகிறார். எக்செல் கோப்பில் ஒவ்வோர் எண்ணும் எங்கிருந்து வந்தது என்று பிறர் தடம் பிடிக்க முடியவேண்டும்; கிளையன்ட் ஒரு தவறான எண்ணைக் கண்டுவிட்டால் மற்ற ஐம்பது சரியான எண்களையும் ஐயுறுவார்.

தரவு முழுவதும் கணினியில் கிடைப்பதில்லை. சில்லறை வணிகம் பற்றிய ஆய்வுகளில் கடைக்காரர், விநியோகஸ்தர், ஓட்டுநர் ஆகியோரிடம் நேரில் பேசவேண்டியிருக்கும். தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து ஒலிக்கும் தெருவில் வளர்ந்தவருக்கு அங்கு உள்ள அனுகூலம், தேர்வு அளவுகோல் எதிலும் இடம்பெறாதது.

மந்தணம் காத்தல் இத்தொழிலின் கடுமையான விதி. கிளையன்ட்டின் பெயரை மெட்ரோவில் பேசுவதும், கோப்பைத் தனிமடலுக்கு அனுப்புவதும் பயிற்சியை அன்றே முடித்துவைக்கலாம். பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனம் பற்றிய வெளிவராத தகவல் எனில், பங்குச்சந்தை ஒழுங்காற்று அமைப்பான செபியின் 2015ஆம் ஆண்டு விதிமுறைகளும் குறுக்கிடும். மெக்கின்சியின் மூத்த பங்காளராக இருந்த அனில் குமார், கொழும்பில் பிறந்த முதலீட்டு நிதி மேலாளர் ராஜ் ராஜரத்தினத்துக்குக் கிளையன்ட் தகவல்களை விற்றதாக 2010இல் நியூயார்க்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டதும், அடுத்த ஆண்டு ராஜரத்தினம் 11 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றதும் இதற்கு அறியப்பட்ட சான்று.

பயிற்சியின் இறுதியில் சிறந்தோருக்கு முன்கூட்டியே வழங்கப்படும் வேலை வாய்ப்பு (Pre-Placement Offer), பி.பி.ஓ. எனச் சுருக்கமாக வழங்குகிறது. அதை ஏற்பவர் இரண்டாம் ஆண்டின் இறுதி வேலைத்தேர்வில் பங்கேற்பதில்லை. அது கிட்டுவது உழைப்பை மட்டும் பொறுத்ததன்று. நிறுவனம் அவ்வாண்டு எத்தனை பேரைச் சேர்க்கத் திட்டமிட்டது, சந்தை மந்தமா என்பவையும் அதில் பங்கு வகிக்கின்றன. கிடைக்காதவர்கள் அடுத்த தேர்வுப் பருவத்தில் பிற ஆலோசனை நிறுவனங்களுக்கு மீண்டும் விண்ணப்பிக்கலாம்.